எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை

வாசகர் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 44. காட்பாடிக்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற கார்த்திகையில் திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கியபோது மொசைக் படியில் வழுக்கி விழுந்தேன். வலது கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆவணியில் எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, வழக்கமான வேலை எல்லாம் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் படி இறங்க வேண்டும் என்றாலே நெஞ்சு படபடக்கிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குகிறேன். வீட்டில் கணவர் எனக்கு முன்னால் இறங்குவார். பள்ளியில் மாடி வகுப்பு வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாமியார் நான் எழுந்தாலே “பார்த்து, பார்த்து” என்பார். கால் சரியானால் சோளிங்கர் மலைக்குப் படியேறி வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். பயம் போனதும் ஏறலாம் என்று இருக்கிறேன். ரோப் காரில் போனால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். பயம் போக வழி சொல்லுங்கள்.
– வாசகி, காட்பாடி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் “பயம் போனதும் ஏறலாம் என்று இருக்கிறேன்” என்ற வரியில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேராவது இப்படித்தான் காத்திருக்கிறார்கள், முதலில் பயம் போகட்டும், பிறகு கால் தானாக நடக்கும் என்று. முப்பது ஆண்டுகளில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகப் போகத்தான் பயம் பின்னாலேயே குறைந்துகொண்டு வரும்.

அதற்கு முன் காலை ஒருமுறை சோதித்துவிடுவோம். எலும்பு கூடியதை எக்ஸ்ரே காட்டும்; மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பதைக் காட்டாது. சுவரைப் பார்த்து நின்று, வலது காலின் கட்டைவிரலைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்து, குதிங்கால் தரையைவிட்டுக் கிளம்பாமல் முழங்காலைச் சுவரில் தொட்டுப் பாருங்கள். பிறகு இடது காலில் அதையே செய்யுங்கள். இடது காலில் எளிதாகத் தொட்டு, வலது காலில் எட்டவில்லை என்றால் கணுக்கால் இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். படி இறங்கும்போது மேற்படியில் நிற்கும் காலின் கணுக்கால் நன்றாக மடங்கியாக வேண்டும். மடங்காவிட்டால் உடம்பு முன்பக்கம் தள்ளும், அப்போது நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அடுத்து, சுவரை லேசாகத் தொட்டபடி வலது காலில் மட்டும் நின்று குதிங்காலை உயர்த்தி இறக்குங்கள். இடது காலில் செய்ய முடிவதில் பாதிகூட வலது காலில் முடியவில்லை என்றால், உங்களுக்கு முதலில் தேவை ஆறு வாரப் பயிற்சி. பயத்தைப் பற்றிய பேச்சை அதன்பின் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஓரளவு சமமாக இருந்தால் மேலே படியுங்கள்.

நம் ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்கிறேன். கரிகிரி தொழுநோய் மருத்துவமனையை நீங்கள் அறிந்திருப்பீர்கள், 1955-இல் தொடங்கியது. வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் தேய்ந்து போவது ஏன் என்று ஆராய்ந்தார். சதை தானாக அழுகி விழுகிறது என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சுட்டாலும் வெட்டினாலும் கையை எடுக்கத் தோன்றாமல், புண்ணோடும் முறிவோடும் நடந்து நடந்தே உறுப்பை இழக்கிறார்கள் என்று அவர் காட்டினார். கணுக்கால் எலும்பு நொறுங்கியபோதும் நொண்டாமல் நடந்து மூட்டையே அழித்துக்கொண்டவர்கள் உண்டு. வலியும், வலி வருமோ என்ற பயமும் உடம்புக்குக் காவல் என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. விழுந்த பிறகு மூன்று மாதம் நீங்கள் பயந்ததால்தான் அந்தக் காலில் தவறாக ஊன்றாமல் இருந்தீர்கள், எலும்பும் கூடியது. இப்போதைய சிக்கல், வீட்டில் திருடன் போய்விட்ட பிறகும் காவல்காரர் விசில் ஊதிக்கொண்டே இருப்பது. அவரை வேலையைவிட்டு நீக்க முடியாது, நீக்கவும் கூடாது. திருடன் போய்விட்டான் என்பதை அவர் கண்ணால் பார்க்கும்படி செய்ய வேண்டும்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டாது என்பார்கள். அண்டாத பூனைக்கு, அடுப்பு அணைந்து சாம்பல் ஆறிப்போனது தெரியவே தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நீங்கள் மாடி வகுப்பைத் தவிர்த்த ஒவ்வொரு நாளும், “இன்றைக்கு விழாமல் தப்பித்தோம், மாடிக்குப் போகாததால்தான்” என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. இந்த வகைப் பயத்துக்கு ‘கைனீசியோஃபோபியா’, அதாவது அசைவுக்கு அஞ்சுவது, என்று 1990-இல் பெயரே வைத்துவிட்டார்கள். அதை அளக்க 17 கேள்விகள் கொண்ட படிவமும் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் வந்த கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். நானே ஒருமுறை ஆரணி சாலையில் மொபெட்டிலிருந்து விழுந்து, முழங்கை ஆறிய பின்னும் நாலு மாதம் அந்தத் திருப்பத்துக்குப் போகாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போனவன். அந்த வழியில் போக்குவரத்து குறைவு என்று கேட்டவர்களிடமெல்லாம் காரணம் வேறு சொல்லிவந்தேன்.

இதில் இன்னொரு தொல்லை உண்டு. பயந்தவர் படி இறங்குவதைப் பக்கவாட்டில் நின்று கவனித்தால் தெரியும்: கண் பாதத்தைவிட்டு அகலாது, மூச்சு நின்றிருக்கும், கெண்டைக்காலும் தொடையும் கட்டையாக விறைத்திருக்கும். விறைத்த கால் படியில் மெத்தென்று இறங்காமல் பொத்தென்று விழும். தடுமாறினால் சட்டென்று வளைந்து கொடுக்கவும் அதனால் முடியாது. விழாமல் இருப்பதற்காகச் செய்யும் விறைப்பே விழுவதற்கு வழி செய்கிறது.

ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைப்பது உங்களுக்கு மருத்துவமனையில் கற்றுக் கொடுத்ததாகத்தான் இருக்கும். “ஏற நல்ல கால், இறங்க அடிபட்ட கால்” என்று நானும் ஊன்றுகோலோடு வருகிற எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். அதை எப்போது விட வேண்டும் என்று சொல்ல நாங்கள் பல நேரம் மறந்துவிடுகிறோம். இந்தத் தவறு எங்கள் தொழிலைச் சேர்ந்தது. உங்களுக்கு அந்த விதியின் காலம் முடிந்துவிட்டது. கைப்பிடியைப் பிடிப்பதில் தவறில்லை. நாற்பது தாண்டிய யாரும் பிடிக்கலாம், ஆனால் விரல்முட்டி வெளுக்கும் அளவுக்கு இறுக்காமல் விரல்கள் தொட்டுக்கொண்டு வந்தால் போதும். குளியலறையில் வழுக்காத விரிப்பு இருந்தால் இருக்கட்டும். கணவர் முன்னால் இறங்குவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். அவர் இருக்கும்வரை விழாததற்கான பெருமை அவருக்குத்தான் போகும், உங்கள் காலுக்குப் போகாது.

இனி செய்ய வேண்டியது. பழைய ரஃப் நோட்டு ஒன்றில் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘என்ன ஆகும் என்று பயந்தேன்’, வலப்பக்கம் ‘என்ன ஆனது’. முதல் நாள் வீட்டு மாடிப்படியின் கடைசி மூன்று படிகளில் மட்டும், உலர்ந்த படியில், பகல் வெளிச்சத்தில், காலை மாற்றி மாற்றி வைத்து இறங்குங்கள். இறங்குவதற்கு முன் இடப்பக்கத்தை எழுத வேண்டும்: “மூன்றாவது படியில் கால் மடங்கி விழுவேன்” என்று தோன்றினால் அதையே எழுதுங்கள், நாசூக்கு வேண்டாம். பார்வை பாதத்தில் இல்லாமல் மூன்று படி தள்ளி இருக்கட்டும். மூச்சை வெளியே விட்டபடி காலை இறக்குங்கள். பத்து முறை ஏறி இறங்கிவிட்டு வலப்பக்கத்தை எழுதுங்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இது சலிப்புத் தட்டும். சலிப்பு வந்ததும் அடுத்ததற்குப் போகலாம்: முழு மாடிப்படி, பிறகு பள்ளி மாடிப்படி, பிறகு கையில் நோட்டுக்கட்டோடு பள்ளி மாடிப்படி, பிறகு பிள்ளைகள் இடித்துக்கொண்டு ஓடும் இடைவேளையில் பள்ளி மாடிப்படி. கடைசியாக, நீங்கள் விழுந்த அதே மொட்டை மாடிப் படியில் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். அந்த ஒன்றைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தவர்களுக்குப் பயம் அந்த ஒரு படியிலேயே குடியிருந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வலி வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வலியைப் பத்து மதிப்பெண்ணுக்கு அளந்துகொள்ளுங்கள். மூன்று வரை வந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அது வேலை செய்த காலின் அலுப்பு. மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தால், அல்லது கணுக்கால் வீங்கி எலும்பு முண்டு தெரியாமல் போனால், அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். பிளேட் இருக்கும் இடம் சிவந்து சூடாக இருந்தாலோ, ஊன்றவே முடியாத புது வலி வந்தாலோ மட்டும் தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாமியாரைப் பற்றி. “பார்த்து” என்பது நம் வீடுகளில் அன்பின் மொழி. அதைச் சொல்லாதீர்கள் என்று எழுதி அனுப்பினால் பெரியவர் மனம் நோவார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பயிற்சியின்போது எத்தனை முறை இறங்கினீர்கள் என்று அவர் வாய்விட்டு எண்ணட்டும். எண்ணிக்கொண்டிருப்பவருக்குப் “பார்த்து” சொல்ல நேரம் இருக்காது.

சோளிங்கருக்கு வருவோம். நரசிம்மர் இருக்கும் பெரிய மலைக்கு 1,305 படி; எதிரே ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலைக்கு 406 படி. படிப்படியாக ஏறச் சொல்லும் ஒரு வைத்தியனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. பள்ளி மாடிக்கு 22 படி இருப்பதாக வைத்துக்கொண்டால், சின்ன மலை என்பது அதில் பத்தொன்பது முறை ஏறி இறங்குவது. பெரிய மலை அறுபது முறை. பள்ளியில் ஒரே நாளில், நடுவே உட்கார்ந்து உட்கார்ந்தாவது, இருபது முறை இறங்க முடிகிற வாரத்தில் சின்ன மலைக்குப் போய்வாருங்கள். பெரிய மலையை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். ஏறுவது மூச்சை வாங்கும். இறங்குவதுதான் தொடையையும் கணுக்காலையும் வாங்கும் என்பதால், உச்சியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டே இறங்குங்கள். கார்த்திகையில் நரசிம்மர் கண் திறப்பதாக ஐதீகம், ஞாயிறு, வெள்ளிகளில் கூட்டம் நெரியும், மழையும் பெய்யும். ஆகவே முதல் முறை கார்த்திகையாக இருக்க வேண்டாம். தையில் ஒரு வார நாளில், வெயில் ஏறுமுன் போங்கள். கையில் பை எதுவும் வேண்டாம், குரங்கு வந்து பிடுங்கினால் நல்ல கால் உள்ளவரே தடுமாறுவார். ரோப் காரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூட்டு தேய்ந்தவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அது பெரிய உதவி. அதில் போவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் உங்கள் வேண்டுதல் படிக்குத்தானே.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஐப்பசியில் முதல் மழைத்துளி மொசைக்கில் விழுந்த அன்று பழைய படபடப்பு அப்படியே திரும்பி வரலாம். பட்டது எல்லாம் வீண் என்று தோன்றும். அடங்கிய பழக்கம் ஓர் இடைவெளிக்குப் பின் தானாகத் தலைதூக்கும் என்பதை ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் தம் நாய்களிடமே பார்த்து எழுதியிருக்கிறார். பழைய நினைவு அழிவதில்லை, அதன்மேல் புதிய நினைவு ஏறுகிறது. மழை பழையதைக் கொஞ்சம் கிளறிவிடுகிறது, அவ்வளவுதான். அன்றைக்கு மூன்று படிக்குத் திரும்பி, நோட்டில் ‘மழை’ என்று தலைப்பிட்டுப் புதுப் பக்கம் தொடங்குங்கள். இரண்டாம் முறை ஏறுவதற்கு முதல் முறை ஆன நாட்கள் ஆகாது.

கேள்வி: வயது 20. குடியாத்தம் பக்கம். எங்கள் ஊர்க் கபடிக் குழுவில் ரைடர். இடது முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்து ஜூனில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது மெதுவாக ஓடுகிறேன். கோட்டைத் தொட்டுத் திரும்பும் இடத்தில் கால் தானாக நின்றுவிடுகிறது. பின்னாலிருந்து யாரோ கணுக்காலைப் பிடிப்பது போலவே இருக்கிறது. பொங்கல் போட்டிக்கு ஆட வேண்டும் என்கிறார்கள். மறுத்தால் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்கிறார்கள்.

பதில்: தம்பி, மேலே ஆசிரியைக்குச் சொன்னது உங்களுக்கு இப்போது பொருந்தாது. அவர் பயம் காலம் கடந்தது. உங்கள் பயம் சரியான நேரத்தில் வந்திருக்கிறது. பொங்கலுக்கு உங்களுக்கு ஏழாவது மாதம்தான் நடக்கும். நார்வேயில் 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் அடிபடும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆகவே இந்தப் பொங்கலுக்கு ஓரத்தில் உட்கார்ந்து புள்ளி எழுதுங்கள். கேலி செய்கிறவர்களில் யாரும் இரண்டாவது அறுவைக்குப் பணம் கட்டப் போவதில்லை.

ஒன்பது மாதம் ஆனால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஒற்றைக் காலில் தாவி அளந்து பாருங்கள்; இடது காலின் தாவல் வலது காலினதில் பத்தில் ஒன்பது பங்கை எட்ட வேண்டும், தொடை வலுவும் அதே அளவு இருக்க வேண்டும். இதை உங்கள் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் சோதிப்பது நல்லது. எட்டிய பிறகும் கால் நின்றால்தான் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு சரிசெய்ய வேண்டும். அப்போதும் நேராகப் போட்டிக்குப் போகாதீர்கள். ஆளில்லாத களத்தில் பாடிக்கொண்டு போய்த் தனியாகத் திரும்புங்கள். அடுத்து எதிரே ஒருவர் நிற்கட்டும், தொடக்கூடாது. பிறகு அவர் “பிடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கணுக்காலைப் பிடிக்கட்டும். நீங்கள் கால் மடங்காமல் தரையில் சரிந்து விழப் பழக வேண்டும், ஏனென்றால் உங்கள் உடம்பு பயப்படுவது அந்தப் பிடியைத்தான். சொல்லாமல் பிடிப்பது அதற்கும் பிறகு. எல்லாம் மண் களத்தில், மண்ணை நன்றாகக் கொத்திவிட்டு.

2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், இந்த அறுவை செய்துகொண்ட 7,500-க்கும் மேற்பட்டோரில் நூற்றுக்கு 81 பேர் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் 65 பேர், போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 பேர். திரும்பாதவர்களில் பலருக்கு முழங்காலில் குறை இல்லை, மனம்தான் ஒப்பவில்லை. இதை மறைத்து உங்களை உற்சாகப்படுத்த எனக்கு விருப்பமில்லை. சித்திரைப் போட்டிகளைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு 63 வயது. மார்ச் மாதம் சைக்கிளில் போனபோது கார் மோதிக் காறை எலும்பு முறிந்தது, அது ஆறிவிட்டது. இப்போது டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. ஹாரன் சத்தம் கேட்டால் வியர்த்துவிடுகிறது. இரவில் அலறிக்கொண்டு எழுகிறார். எந்தப் பயிற்சி கொடுக்கலாம்?

பதில்: இது என் கைக்கு மேற்பட்டது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விபத்தே மறுபடி நடப்பது போன்ற கனவு, சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, வெளியே போகாமல் ஒடுங்குவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடி என்று சந்தேகிக்க வேண்டும். அப்பாவுக்கு அரை ஆண்டு தாண்டிவிட்டது. மனநல மருத்துவரிடம் காட்டினால் பேச்சு வழிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் தருவார், நன்றாகக் குணமாகக்கூடியது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்புவார்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையமும் இருக்கிறது. “வாங்கப்பா, ரோட்டுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்” என்று கையைப் பிடித்து இழுத்துப் போகாதீர்கள். தூக்கம் வருவதற்காகக் குடிக்கத் தொடங்கியிருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

அவர் வர மறுத்தால், 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு நீங்களே முதலில் அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அப்பாவின் நிலையைச் சொல்லி, அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேளுங்கள்.